ஐஸ்பெட்டியும் மண்பானையும்: இன்சுலினைக் காத்து வந்த நூறாண்டு

நீரிழிவு என்றும் இனிப்புநீர் என்றும் அழைக்கப்படும் நோய்க்கு இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு பலருக்கும் தெரிந்ததே. கனடாவின் டொரோண்டோ நகரில் 1921ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சி, மறு ஆண்டே ஒரு சிறுவனின் உயிரைக் காப்பாற்றியது. 1923இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. பாடப் புத்தகங்களில் கதை அத்தோடு முடிந்துவிடும்.

ஆனால், மருந்து கிடைத்த நாளிலேயே மற்றொரு கேள்வியும் எழுந்தது. கிடைத்த மருந்தைக் கெடாமல் வைத்திருப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறு நூறாண்டைத் தாண்டியும் நீள்கிறது. அதில் விஞ்ஞானிகளுக்குப் பங்கு உண்டு. வீட்டில் மருந்துப் புட்டியைப் பொத்திக் காத்த தாய்மார்களுக்கும் துணைவியருக்கும் நோயாளிகளுக்கும் அதில் சம பங்கு உண்டு.

கைநழுவிய வித்தை

பிரெடெரிக் பாண்டிங், சார்ல்ஸ் பெஸ்ட் இருவரும் பேராசிரியர் மெக்லியோட்டின் ஆய்வுக்கூடத்தில் எடுத்த கணையச் சாறு, 1922 ஜனவரி 11ஆம் நாள் லியோனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அந்தச் சாறு தூய்மையாக இல்லை. ஊசி போட்ட இடம் சீழ் கட்டியதுதான் மிச்சம். ஜேம்ஸ் கொலிப் என்ற வேதியியல் அறிஞர் அதைச் சுத்திகரித்துக் கொடுத்த பின், ஜனவரி 23ஆம் நாள் மீண்டும் ஊசி போடப்பட்டது. இம்முறை சிறுவனின் இரத்தச் சர்க்கரை இறங்கியது. மரணத்தின் வாசலில் இருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

அடுத்த சில வாரங்களில் நடந்தது பலரும் அறியாதது. பெரிய அளவில் தயாரிக்க முயன்றபோது, மருந்து வீரியம் இல்லாமல் வந்தது. சிறிய அளவில் எடுத்த கொலிப்புக்கே அதைத் திரும்பச் செய்ய வரவில்லை. கையில் இருந்த வித்தை நழுவிப் போனது. மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பல வாரப் போராட்டத்துக்குப் பிறகே அது மீண்டும் கைவந்தது. இன்சுலின் எவ்வளவு நுட்பமான பொருள் என்பதை உலகம் அப்போதே உணர்ந்தது.

கண்டுபிடித்தவர்கள் தங்கள் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்கு டொரோண்டோ பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனம் பேரளவில் தயாரிக்க முன்வந்தது. அங்கும் தொடக்கத்தில் மருந்தின் வீரியம் ஒரே சீராக நிற்கவில்லை. கரைசலின் அமிலத்தன்மையைக் குறிப்பிட்ட ஓர் அளவுக்குக் கொண்டுவந்தால் இன்சுலின் தனியே படியும் என்பதை அந்நிறுவனத்தின் ஜோர்ஜ் வால்டன் 1922இல் கண்டறிந்தார். அதன் பிறகே தூய்மையும் நிலைத்தன்மையும் கூடின.

குளிர்ச்சியின் தேவை அதற்கும் முந்திய கட்டத்திலேயே, அதாவது இறைச்சிக் கூடத்திலேயே தொடங்கிவிட்டது. மாட்டின் கணையத்திலும் பன்றியின் கணையத்திலும் இன்சுலினோடு செரிமான நீரும் சுரக்கிறது. விலங்கு வெட்டப்பட்ட பின் அந்தச் செரிமான நீர் இன்சுலினைச் சிதைத்துவிடும். ஆகவே கணையங்களை உடனுக்குடன் குளிர்வித்து ஆலைக்கு அனுப்பினார்கள். எட்டு அவுன்ஸ் தூய இன்சுலினுக்கு ஏறத்தாழ இரண்டு டன் கணையம் தேவைப்பட்டது. இவ்வளவு பாடுபட்டு எடுத்த மருந்து வீட்டு அலமாரியில் வீணாகிவிட்டால் யாருக்கு என்ன பயன்?

சமையலறையே மருந்தகம்

அதுவரை ஊசி மருந்து என்றால் டாக்டரோ தாதியோ போடுவது என்பதே வழக்கம். இன்சுலின் அந்த வழக்கத்தை உடைத்தது. நாள்தோறும், சிலருக்கு ஒரே நாளில் பல முறை, வாழ்நாள் முழுவதும் போட வேண்டிய மருந்தை மருத்துவமனையிலேயே இருந்து போட்டுக்கொள்ள எவராலும் முடியாது. நோயாளியே கற்றுக்கொண்டாக வேண்டும். போஸ்டன் நகரின் எலியட் ஜோஸ்லின் என்ற மருத்துவர், டாக்டரும் நோயாளியும் சேர்ந்து படிப்பதற்கென்றே 1918இல் ஒரு கையேடு எழுதியவர். இன்சுலின் வந்த பிறகு, வீட்டில் ஊசி போடவும் மருந்தைப் பேணவும் கற்றுக்கொடுக்கும் வேலையில் தாதியர்க்குப் பெரும் பொறுப்பை அவர் கொடுத்தார்.

இன்சுலினுக்கென்றே தனி ஊசிக்குழலை அமெரிக்காவின் பெக்டன் டிக்கின்சன் நிறுவனம் 1924இல் தயாரித்தது. அக்காலத்து ஊசிக்குழல் கண்ணாடியால் ஆனது. அதை வெந்நீரில் கொதிக்க வைத்து, ஆறவிட்டுப் பயன்படுத்த வேண்டும். ஊசிமுனை மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் மெல்லிய கம்பியால் குத்தி எடுக்க வேண்டும். கண்ணாடிக் குழல் கைதவறி விழுந்தால் அன்றைய மருந்துக்கே வழியில்லை. ஒருமுறை பயன்படுத்தி வீசிவிடும் பிளாஸ்டிக் ஊசிக்குழல்கள் 1960களில் பரவத் தொடங்கும் வரை, அடுப்பங்கரையே இனிப்புநீர்க்காரர் வீட்டின் மருந்தகமாக இருந்தது.

அந்தக் காலத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. இன்சுலின் புட்டிகள் பல வீரியங்களில் வந்தன. ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட் கொண்டது, 80 யூனிட் கொண்டது என்று வகைகள் கலந்து கிடந்தன. புட்டி ஒரு வகை, ஊசிக்குழல் வேறு வகை என்று மாறிப்போனால் அளவு தாறுமாறாகிவிடும். இதைத் தவிர்க்க, 1970களிலிருந்து பல நாடுகள் 100 யூனிட் என்ற ஒரே அளவுக்கு மாறின. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்று அதுவே வழக்கம். இந்தியாவிலோ 40 யூனிட் புட்டிகள் இன்னும் விற்பனையில் உள்ளன. தமிழ்நாட்டுக்குச் செல்வோர் அங்கே புட்டியை வாங்கி, இங்கிருந்து கொண்டுபோன 100 யூனிட் ஊசிக்குழலில் 20 கோடு வரை ஏற்றினால், உடம்பில் சேருவது 8 யூனிட் மட்டுமே. மாறாக, அங்கே வாங்கிய 40 யூனிட் ஊசிக்குழலில் இங்குள்ள மருந்தை 20 கோடு வரை ஏற்றினால் 50 யூனிட் போய்விடும். அது உயிருக்கே ஆபத்து.

சூடும் ஆகாது, உறையவும் ஆகாது

இன்சுலின் ஒரு புரதம். அதில் 51 அமினோ அமிலங்கள் இரண்டு சங்கிலிகளாகக் கோத்திருக்கின்றன. இந்த அமைப்பை முழுமையாக வெளிக்கொணர்ந்த பிரெடெரிக் சாங்கருக்கு 1958இல் நோபல் பரிசு கிடைத்தது. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் மாறுவதைப் பார்த்தவர்களுக்குப் புரதத்தின் இயல்பு புரியும். இன்சுலினும் சூடு பட்டால் மாறும். அதிகமாகக் குலுக்கினாலும் மாறும். மாறிய மருந்து சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றலை இழக்கும்.

சூடு ஆகாது என்றவுடன், எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு நல்லது என்று எண்ணுவது இயல்பு. அங்கேதான் தவறு நேர்கிறது. டென்மார்க் அறிஞர் ஹாகெடோர்ன் 1936இல் புரோட்டமின் என்ற பொருளைச் சேர்த்து, மெதுவாக வேலை செய்யும் இன்சுலினை உருவாக்கினார். அதன் வழியில் 1946இல் என்.பி.எச். இன்சுலின் பிறந்தது. இது பால்போல் கலங்கலாக இருக்கும். போடுமுன் உள்ளங்கைகளுக்கு இடையே மெல்ல உருட்டிக் கலக்க வேண்டும். இத்தகைய மருந்து உறைந்துவிட்டால் அதன் துகள்கள் ஒட்டிக் கட்டியாகிவிடும். மீண்டும் உருகினாலும் பழைய நிலைக்கு வராது. தெளிந்த இன்சுலினுக்கும் உறைதல் கேடுதான். அதனால்தான் திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். குளிர்பதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஆனால் ஐஸ்கட்டி உறையும் தட்டிலோ அதை ஒட்டியோ வைக்கக் கூடாது. உறைந்த மருந்தை, பார்க்க நன்றாக இருந்தாலும், வீசிவிட வேண்டும்.

1985இல் டென்மார்க்கின் நோவோ நிறுவனம் பேனா வடிவ ஊசியைக் கொண்டுவந்தது. இன்சுலின் சட்டைப் பைக்குள்ளும் கைப்பைக்குள்ளும் புகுந்து வெளியே நடமாடத் தொடங்கியது. பயன்பாட்டில் உள்ள பேனாவையும் புட்டியையும் வெயில் படாத இடத்தில், பெரும்பாலான வகைகளில் சுமார் 4 வாரம் வரை, வெளியே வைத்திருக்கலாம். எந்த வகைக்கு எத்தனை நாள், எத்தனை டிகிரி என்பது பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கும். திறந்த தேதியைப் புட்டியின் மேல் எழுதி வைப்பவர்களுக்குக் கணக்குத் தவறாது.

சூட்டினால் வரும் கேட்டில் கொடுமை என்னவென்றால், அது கண்ணுக்குத் தெரிவதில்லை. பால் திரிந்தால் வாசனை காட்டிக் கொடுக்கும். சோறு ஊசிப்போனால் கை கண்டுகொள்ளும். இன்சுலின் வீரியம் இழந்தாலும் பல நேரங்களில் தெளிந்த நீராகவே இருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த மருந்தைப் போட்டுக்கொண்டவருக்குச் சர்க்கரை ஏறும். வீட்டார் சாப்பாட்டின் மேல் பழி போடுவார்கள். திருட்டுத்தனமாக இனிப்புச் சாப்பிட்டதாகப் பெரியவர் திட்டு வாங்குவார். டாக்டரும் அளவைக் கூட்டக்கூடும். பிறகு நல்ல நிலையில் உள்ள புதிய புட்டியைத் திறந்து, கூட்டிய அளவிலேயே போட்டால் சர்க்கரை சரேலென இறங்கி மயக்கம் வரலாம். பராமரிப்பில் நேர்ந்த பிழை நோயாளியின் ஒழுக்கக் குறையாகப் பார்க்கப்படுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

ஈரக் காற்றும் சோதனைப் பட்டையும்

மருந்தைப் போலவே சோதனைப் பொருள்களையும் பேண வேண்டியிருந்தது. ஒரு காலத்தில் இரத்தத்தை வீட்டில் சோதிக்க வழியில்லை. சிறுநீரின் சில துளிகளை பெனடிக்ட் கரைசல் என்ற நீல நிற நீரில் விட்டுக் கொதிக்க வைப்பார்கள். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று மாறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் சர்க்கரை மிகுதி.

1941இல் அமெரிக்காவின் ஏம்ஸ் நிறுவனம் கிளினிடெஸ்ட் என்ற மாத்திரையை வெளியிட்டது. அடுப்பு தேவையில்லை, மாத்திரையே சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் அதில் காரத்தன்மை மிகுந்த ரசாயனம் இருந்ததால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கருநீலமாகிக் கெட்டுப்போகும். மூடியை இறுக்கிப் பூட்டாத வீட்டில் மாத்திரை பொய் சொல்லும். 1956இல் ஹெலன் ஃப்ரீ, ஆல்பிரெட் ஃப்ரீ தம்பதியர் உருவாக்கிய கிளினிஸ்டிக்ஸ் பட்டை வந்தது. 1960களில் இரத்தத்துக்கான பட்டையும், 1970இல் அதை அளக்கும் கருவியும் வந்தன.

இன்று கையடக்கக் கருவி வந்துவிட்டாலும், அந்த மாத்திரை சொன்ன பாடம் மாறவில்லை. பட்டைகளுக்கு ஈரமும் சூடும் பகை. அவற்றை அவற்றின் சொந்த டப்பாவிலேயே வைத்து, எடுத்தவுடன் மூடியை அழுத்தி மூட வேண்டும். குளியலறை அலமாரி அவற்றுக்கு ஏற்ற இடம் அல்ல. இன்சுலினுக்கு நல்லது என்பதற்காகப் பட்டைகளையும் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது தவறு. வெளியே எடுக்கும்போது அவற்றின் மேல் நீர் பூத்துவிடும்.

கடைகள் மூடிய காலம்

இரண்டாம் உலகப் போரின்போது இவா சாக்ஸல் என்ற பெண்மணி, கணவர் விக்டருடன் ஐரோப்பாவிலிருந்து தப்பிச் சீனாவின் ஷாங்காய் நகரில் தஞ்சம் புகுந்திருந்தார். அங்கே அவருக்கு இனிப்புநீர் கண்டது. 1941இல் ஜப்பானியர் நகரை முழுமையாகப் பிடித்ததும் மருந்துக் கடைகள் மூடப்பட்டன. கையிருப்பு குறைந்துகொண்டே வந்தது. கணவனும் மனைவியும் ஒரு மருத்துவப் பாடநூலில் இருந்த விளக்கத்தைப் படித்து, எருமைக் கணையத்திலிருந்து தாங்களே இன்சுலின் எடுத்தார்கள். முயல்களுக்குக் கொடுத்துச் சோதித்த பின், இவா தமக்கே முதலில் போட்டுக்கொண்டார். பிறகு நகரில் இருந்த மற்ற நோயாளிகளுக்கும் அது பகிர்ந்தளிக்கப்பட்டது. போருக்குப் பின் அமெரிக்காவில் குடியேறிய அவர் 2002 வரை வாழ்ந்தார். ஜப்பானியர் காலத்தைக் கண்ட மலாயா மக்களுக்கு, ஒரு புட்டி மருந்தின் மதிப்பு என்ன என்பதை விளக்கத் தேவையில்லை.

மின்சாரம் இல்லாத வீட்டில்

2 முதல் 8 டிகிரி என்ற விதி நல்ல விதிதான். ஆனால் அது குளிர்பதனப் பெட்டி உள்ள வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மலேசியத் தோட்டப்புறங்கள் பலவற்றில், லயத்து வீடுகளுக்கு நெடுங்காலம் மாலை நேரத்தில் சில மணி நேரம் மட்டுமே ஜெனரேட்டர் மின்சாரம் கிடைத்தது. இருபத்து நான்கு மணி நேரமும் குளிர்பதனப் பெட்டி ஓட வழியில்லாத இடத்தில் விதி மட்டும் எப்படி ஓடும்?

வெப்ப நாடுகளின் மக்கள் இதற்குப் பழைய அறிவைக் கொண்டு வழி கண்டார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மருந்துப் புட்டியைச் சிறு கலயத்தில் வைத்து, நீர் ஊற்றிய மண்பானைக்குள் இறக்கி வைப்பார்கள். ஆப்பிரிக்காவின் சூடான் போன்ற நாடுகளிலும் இத்தகைய மண்கலங்கள் வழக்கில் உண்டு. பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. இவ்வகைச் சாதனங்கள் 13 எடுத்துக்கொண்டு செய்யப்பட்ட ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. அவை வெளிச்சூட்டைவிட உள்ளே வெப்பத்தைக் குறைத்ததை அது உறுதிப்படுத்தியது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. காற்று வறண்டிருந்தால்தான் நீர் நன்றாக ஆவியாகும். மதுரை வெயிலில் சில்லென்று இருக்கும் பானை, கிள்ளானின் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது. ஈரத்தில் நனைத்துப் பயன்படுத்தும் மருந்துப் பைகளுக்கும் இதே நியதிதான். ஓர் ஊரில் பலித்த வழியை அப்படியே மற்றோர் ஊருக்குக் கொண்டுவரும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும்.

டாடாப் முகாம் சொன்ன சேதி

கென்யாவின் வடபகுதியில் டாடாப் என்னும் மாபெரும் அகதி முகாம் உள்ளது. அங்குள்ள குடில்களில் குளிர்பதனப் பெட்டி கிடையாது. இன்சுலினை வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது என்பதால், நோயாளிகள் ஒவ்வோர் ஊசிக்கும் மருத்துவமனைக்கு வந்து போக வேண்டியிருந்தது. அப்படி நடந்துகொண்டே இருப்பவர் எப்போது வேலைக்குப் போவார்? பிள்ளை எப்போது பள்ளிக்குப் போகும்?

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து இதை ஆராய்ந்தன. முகாம் வீட்டின் வெப்பம் பகலிலும் இரவிலும் 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்குவதை அளந்து, அதே ஏற்ற இறக்கத்தை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கி, பல வகை இன்சுலினை 4 வாரம் வைத்துச் சோதித்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. குளிரில் வைத்த மருந்துக்கும் இதற்கும் வீரியத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2023இல் கோக்ரேன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வும் இதற்குத் துணை நின்றது. திறக்காத மனித இன்சுலின் சில வகைகள் 25 டிகிரியில் 6 மாதம் வரையிலும், 37 டிகிரியில் 2 மாதம் வரையிலும் தாங்கக்கூடும் என்று அது தெரிவித்தது.

வீட்டில் குளிர்பதனப் பெட்டி உள்ளவர்கள் அதைக் கைவிடலாம் என்பது இதன் பொருள் அன்று. நன்றாகப் பூட்டிய காருக்குள் வெயில் நேரத்தில் சூடு 50 டிகிரியையும் தாண்டும். எந்த ஆய்வும் அந்தச் சூட்டுக்கு உத்தரவாதம் தரவில்லை. பெட்டி இல்லாத ஏழைக்கும் வீட்டிலேயே மருந்து வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்பதே இந்த ஆய்வுகளின் செய்தி.

இங்குள்ள குடும்பங்களுக்கு

மலேசியாவில் 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாக இருந்தது. சிங்கப்பூர் அரசாங்கம் 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. ஆக, இந்த மருந்தைக் காப்பது யாரோ ஒருவருடைய வேலை அன்று. அண்டை வீட்டிலோ சொந்த வீட்டிலோ நடக்க வேண்டிய வேலை.

அரசாங்க மருந்தகத்தில் வாங்கிய இன்சுலினை நேரே வீட்டுக்குக் கொண்டுவருவதும், சந்தைக்குப் போய்விட்டு மத்தியானம் வரை காரில் வைத்திருப்பதும் ஒன்றல்ல. விமானத்தில் போகும்போது மருந்து கைப்பையில் இருக்க வேண்டும். சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் உறைந்துபோகலாம். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் புட்டியில் போட்டு மூடினால், குப்பை அள்ளும் தொழிலாளியின் கை தப்பும். சர்க்கரை காரணமில்லாமல் ஏறினால், பெரியவரைக் குறை சொல்லுமுன் புட்டியின் தேதியையும் அது இருந்த இடத்தையும் பார்க்க வேண்டும். அதை டாக்டரிடமும் தாதியிடமும் சொல்ல வேண்டும்.

டொரோண்டோவில் ஒருமுறை கைநழுவிய வித்தையை விஞ்ஞானிகள் மீட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஆலையிலிருந்து மருந்தகம் வரை அதைக் குளிர்ச்சியோடு கொண்டுவந்து சேர்க்கவும் ஆளுண்டு. மருந்தகத்தின் வாசலிலிருந்து ஊசிமுனை வரை உள்ள கடைசித் தூரம்தான் குடும்பத்தின் பொறுப்பு. நூறாண்டுக்கு மேலாக எத்தனையோ வீடுகள், கண்ணாடிக் குழலைக் கொதிக்க வைத்தும் பானையில் நீர் ஊற்றியும் அந்தத் தூரத்தைத் தவறாமல் கடந்திருக்கின்றன. எல்லா வசதியும் உள்ள இன்றைய வீடுகளால் அது முடியாமல் போகக் காரணமே இல்லை.